பின்வாசல் தட்டு

திருப்பதியில் நான் தனியாக இருக்கும் வீட்டின் பின்வாசலில் தட்டு உரசும் சத்தம் கேட்டது. பூனைக்கு வைத்த மீன்சோற்றைக் கீரியும் சேர்ந்து தின்றுகொண்டிருந்தது. பூனை சீறவில்லை.

நான் சிறுமியாக இருந்தபோது நகரி வீட்டிலும் பூனையும் கீரியும் அம்மா வைத்த கருவாட்டுச் சோற்றை இப்படித்தான் ஒரே தட்டில் தின்னும். உள்ளே அம்மாவும் நைனாவும் பேசிக்கொள்ளாத வருஷம் அது. "உங்க நைனாவத் துன்னச் சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குள் போய்விடுவாள். ஒருநாள் நைனா தன் தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தார். இரண்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தின்றன.

"இதுங்ககூட உக்காந்துக்கினு துன்னா துணையா கீது, பாப்பா" என்றார்.

நான் சிரித்தேன். உள்ளே வந்து அம்மாவிடமும் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இன்று என் தட்டோடு நானும் படியில் உட்கார்ந்தேன். இரண்டும் ஓடிவிட்டன.