கமருன்னிஸா வாங்கிய கறுப்பு லேப்டாப்

கமருன்னிஸாவுக்கு யாரைப் பார்த்தாலும் இளக்காரம்தான். மார்பிள் பதித்து மாடி வீடு கட்டிவிட்டு, தரை அழுக்காகிவிடும் என்று கொல்லைப்பக்கத் தகரக் கொட்டகையில் ஆக்கித் தின்னும், வெளிநாட்டுச் சம்பாத்தியக்காரர்களான நீடூர் சபுராளி வீட்டுப் பெண்களைப் பார்த்தால் இளக்காரம். போனில் வந்த வைத்தியத்தையெல்லாம் நம்பி வெந்தயத்தை ஊறவைத்து ஊறவைத்துக் குடிக்கிற பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் கூட. ஆனால் முதல் மரியாதை எப்போதும் அவளுடைய வீட்டுக்காரர் சலாஹுதீனுக்குத்தான்.

சலாஹுதீன் தொண்ணூற்றேழில் குவைத் போனவர். ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டின் குடோனில் மூட்டை தூக்கச் சேர்ந்து, அங்கேயே ஸ்டோர் கீப்பராக உயர்ந்தார். லீவில் வரும்போதெல்லாம் எதையாவது சுமந்துகொண்டு வருவார். நம் ஊர் சுவிட்ச் எதிலும் நுழையாத பிளக்கோடு ஒரு ஜூஸர். பொத்தான் எல்லாம் அரபியில் எழுதிய ஒரு வாஷிங் மெஷின். எதை அமுக்கினால் அலசும், எதை அமுக்கினால் பிழியும் என்று தெரிந்துகொள்வதற்குள் கமருன்னிஸாவின் நல்ல சேலை இரண்டு நாராகிவிட்டன. கேட்டால், "எனக்குத் தெரியாததா? அங்க உள்ள தரம் இங்க வருமா?" என்பார்.

ஒரே மகள் அஃப்ரீன். இன்ஜினியரிங் முடித்து, கல்யாணமாகி, புருஷனோடு பெங்களூருக்குப் போனாள். போகும்போது கல்லூரியில் வைத்திருந்த பழைய லேப்டாப்பை அலமாரியில் போட்டுவிட்டுப் போனாள். ஐப்பசி அடைமழையில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த ஒரு நாளில் கமருன்னிஸா அதை எடுத்துத் திறந்தாள். மகளிடம் போனில் கேட்டுக் கேட்டு, அதில் இருந்த லாரி ஓட்டுகிற கேமைப் போட்டாள். முதல் நாள் முழுக்க லாரி கோணலாகப் போய்ச் சுவரில் முட்டியது. விடவில்லை. தை பிறப்பதற்குள் பதினெட்டுச் சக்கர வண்டியை ரிவர்ஸில் குடோனுக்குள் நுழைக்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். மலை, சுரங்கம், மழை, முன்பின் தெரியாத தேசத்து ஊர்கள். சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்தால் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை ஓட்டுவாள். நாற்பத்தாறு வயதில், யார் பின்னாலும் உட்கார்ந்து கெஞ்சாமல், தானே ஒரு வண்டியை ஓட்டுவது இப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

கோடையில் அந்தப் பழைய லேப்டாப் சூடு தாங்காமல் ஒரு பாலத்தின் நடுவில் அணைந்தது. பிறகு எழவேயில்லை.

"எனக்கு ஒரு லேப்டாப் வேணும்," என்றாள் போனில் புருஷனிடம்.

"என்னத்துக்கு?"

"கேம் விளையாட."

அந்தப் பக்கம் சிரிப்பு. ரூமில் இருக்கிற மற்றவர்களிடமும் அவர் சொல்லியிருக்க வேண்டும். இன்னும் இரண்டு மூன்று சிரிப்புகள் சேர்ந்தன. கமருன்னிஸா போனைக் காதிலிருந்து எடுத்துப் பிடித்துக்கொண்டாள். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"பேரப்புள்ள எடுக்கிற வயசுல விளையாட்டா? சரி சரி. நான் பாத்து அனுப்புறேன். எங்க கடையிலயே லேப்டாப் செக்‌ஷன் இருக்கு."

"தனியா கிராபிக்ஸ் கார்டு இருக்கணுமாம் மச்சான். அஃப்ரீன் சொன்னா. அது இல்லாட்டி கேம் ஓடாதாம்."

"அதெல்லாம் கடைக்காரன் காசு புடுங்கச் சொல்றது. எனக்குத் தெரியாததா?"

ஊருக்கு வந்த ஒரு ஆள் மூலமாக லேப்டாப் வந்து சேர்ந்தது. வெள்ளி நிறம். பொரித்த அப்பளம் போல லேசு. தெருவே வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. "சலாஹுதீன் அண்ணன் எடுத்தா அது தனிதான்," என்றாள் வெந்தயக்காரி. கமருன்னிஸா மகள் அனுப்பிய பென் டிரைவிலிருந்து கேமை ஏற்றி லாரியைக் கிளப்பினாள். தலையில் நாற்றுக்கட்டோடு வழுக்கு வரப்பில் போகிறவளைப் போல அது ஒரு அடி வைத்தது, நின்றது, இன்னொரு அடி வைத்தது.

"மச்சான், வண்டி நகரல."

"நெட்டு சரியில்லாம இருக்கும்."

"இதுக்கு நெட்டே வேண்டாம்."

"அப்ப வைரஸா இருக்கும்."

"உங்க வாய்லதான் இருக்கு வைரஸு," என்று போனை வைத்தாள்.

மறுநாள் புர்காவை மாட்டிக்கொண்டு, அந்த வெள்ளி லேப்டாப்பையும், கேம் இருந்த பென் டிரைவையும் பைக்குள் வைத்துக்கொண்டு மயிலாடுதுறைக்குப் பஸ் ஏறினாள். பட்டமங்கலத் தெருப் பக்கம் சாரங்கபாணி என்பவர் ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். நெற்றியில் திருமண் இட்டு, குளிர்பெட்டிக்குள் வைத்த பூவைப் போல ஏசியில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்கம்மா. பையன் எந்த காலேஜு?"

"பையன் இல்லை. எனக்குத்தான்."

"உங்களுக்கா?" என்றவர் உடனே ரோஸ் கலரில் ஒன்றை எடுத்து வைத்தார். "சீரியல் பாக்க, பயான் பேச்சு கேக்க, சூப்பரா இருக்கும்."

"நான் சீரியல் கேட்டேனா? லாரி ஓட்டுற கேம் ஓடணும். விலை கட்டுப்படி ஆகணும்."

சாரங்கபாணி அவளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கீபோர்டு எழுத்தெல்லாம் சிவப்பாக மின்னுகிற ஒன்றைக் கொண்டுவந்தார். மூடியில் வாயைப் பிளந்த புலிப்படம். கமருன்னிஸாவுக்குக் கூட ஒரு நிமிஷம் மனசு அதில் போய் ஒட்டிக்கொண்டது. தர்கா கந்தூரிக் கடைத்தெரு போல என்ன வெளிச்சம்!

"கிராபிக்ஸ் கார்டு தனியா இருக்கா?"

"இன்பில்ட்டாவே இருக்கும்மா. எல்லாம் சேந்தே வருது."

"சேந்து வர்றதுதான் இதுலயும் இருக்கு," என்று வெள்ளி லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்தாள். "இந்தாங்க பென் டிரைவு. உங்க புலியில போட்டுக் காட்டுங்க."

புலியும் வரப்பில்தான் நடந்தது.

"விளக்கு எரிஞ்சா போதுமா? சைக்கிளுக்குக்கூடத்தான் டைனமோ லைட் எரியும்," என்றாள்.

சாரங்கபாணி முகம் சுண்டிப்போய் ஸ்டூலைப் போட்டு ஏறினார். மேல் தட்டிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை இறக்கித் தூசியைத் தட்டினார். செங்கல் கனம். போன வருஷத்து மாடல். தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்று யாரும் வாங்காமல் கிடந்தது. அதில் கேமைப் போட்டதும் லாரி உறுமிக் கிளம்பியது. பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மலைச்சாலையில் கமருன்னிஸா கடைக்காரர் முன்னாலேயே இரண்டு வளைவு ஓட்டினாள்.

வெள்ளி லேப்டாப்பைக் கழித்துக்கொண்டு, மேல் பணம் வாங்கிக்கொண்டு அவர் கறுப்பைக் கொடுத்தார். "ஒண்ணு சொல்றேம்மா. மெத்தை, தலகாணி மேல வெச்சு ஓட்டாதீங்க. அடியில காத்து போகணும். ஒரு பலகை மேல வைங்க."

புலியைத் தலையில் கட்டப் பார்த்தவர் புத்தி சொல்ல வந்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தாள். வீட்டில் தலகாணி மேல் வைத்துத்தான் ஓட்டினாள். ஒரு வாரத்தில் அது கொதித்து, நடுரோட்டில் அணைந்து, அவள் உயிரையும் சேர்த்து நிறுத்தியது. மறுபடி எழும்வரை தனக்குத் தெரிந்த துஆவையெல்லாம் ஓதினாள். பிறகு காய் நறுக்கும் பலகையை எடுத்து அடியில் வைத்தாள். கடைக்காரர் சொன்னது சரி என்று மகளிடம்கூட ஒப்புக்கொள்ளவில்லை. "நானா யோசிச்சு வெச்சேன்," என்றாள்.

அடுத்த லீவில் வந்த சலாஹுதீன் முதலில் தேடியது வெள்ளி லேப்டாப்பைத்தான்.

"எங்க அது?"

"கொடுத்துட்டு இதை எடுத்தேன்."

"இந்தப் பொணக்கனத்தையா? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டுத்தானே அது வந்துச்சு?"

இரண்டு நாள் அவர் பேசவில்லை. கமருன்னிஸாவும் பேசாமல், சமைத்து வைத்துவிட்டு லாரி ஓட்டினாள். மூன்றாம் நாள் மதியம் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

"சைடு கண்ணாடியைப் பாரு. பின்னாடி கார் வருது."

"எனக்குத் தெரியாததா?"

அவர் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டார். "இதுல குவைத் இருக்கா?"

"இல்லை. நீங்கதான் பாத்துட்டீங்களே, பத்தாதா?"

"எங்க பாத்தேன்? ரூமு, வேனு, குடோனு. கடல் பக்கத்துலதான்னு சொல்லுவாங்க. ரெண்டு தடவை போயிருப்பேன்."

கமருன்னிஸா பிரேக்கை அமுக்கினாள். அங்க உள்ள ரோடு, அங்க உள்ள பில்டிங்கு என்று இருபது வருஷமாக இந்தத் தெருவுக்கே கதை சொன்ன மனுஷன். வாய்க்கு வந்த பதில் நாலைந்து இருந்தது. எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க. இந்தப் பட்டன் முன்னாடி, இது பின்னாடி. வளைவுல வேகத்தைக் குறைக்கணும்."

"எனக்குத் தெரியாததா?" என்று உட்கார்ந்தவர், அரை மணி நேரத்தில் இரண்டு வண்டியைக் கவிழ்த்தார். மூன்றாவதை ஆற்றில் இறக்கினார். சாயங்காலம் டீயைக்கூட ஒரு கையால் குடித்துக்கொண்டு இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

கமருன்னிஸா அடுப்படியிலிருந்து மகளுக்குப் போன் போட்டாள். "உங்க அத்தா ஓட்டுற லட்சணத்தை வந்து பாரு. ரிவர்ஸு எடுக்கச் சொன்னா ஹாரன் அடிக்கிறாரு," என்றாள், அவர் காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே.