பின்கதவுத் தாழ்ப்பாள்

எழுபத்துநாலாம் வருஷம் சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் நர்ஸ் கிருபாபாய் தன் வீட்டை விற்க முடிவு செய்தாள். வேலூரில் மகளோடு போய் இருப்பதாக ஏற்பாடு. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று, உடைந்த ஓடுகளையும் மாற்றியாயிற்று. பின்கதவுத் தாழ்ப்பாள் மட்டும் பழுதாகவே கிடந்தது. கோபித்துக்கொண்டு திருப்பதிப் பக்கம் போன மகன் சாந்தகுமார் எந்நேரம் வந்தாலும் தள்ளிக்கொண்டு உள்ளே வரட்டும் என்று, இத்தனை வருஷமாக அவள் அதைச் சரிசெய்யவே இல்லை.

"கதவு சாத்தலன்னா யாரு நர்சம்மா வீடு வாங்குவாங்க?" என்று சொல்லி, தச்சர் நாகபூஷணம் புதுத் தாழ்ப்பாளை முடுக்கிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் காற்றெழுந்தது. எப்போதும் காற்றில் தானாகத் திறந்துகொள்ளும் கதவு இப்போது புதுத் தாழ்ப்பாளில் மோதித் தட்டத் தொடங்கியது, ஆள் தட்டுவது போலவே விட்டுவிட்டு. கிருபாபாய் ஓடிப்போய்த் திறந்தாள். கொல்லையில் முருங்கைமரம் ஆடிக்கொண்டிருந்தது. சாத்தினாள், மறுபடி தட்டியது. மறுபடி திறந்தாள். விளக்கேற்றக்கூட அவளால் அங்கிருந்து நகர முடியவில்லை.

வீடு விலைபோயிற்று. சாவி கொடுக்கும்போது, வாங்கிய வரலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பின்கதவு தட்டிக்கினே இருக்கும்மா. காத்துதான். ஆனா ஒவ்வொரு தபாவும் எழுந்துபோய்ப் பாத்துடு."