ஆறாவது நாளும் நாலாவது நாளும்

இதை எழுதுவதா வேண்டாமா என்று கடைசிவரை இழுத்தடித்தேன். ஒரு முட்டாளின் காதலுக்காக இன்னொருவன் பேனா தேய வேண்டுமா? ஆனால் என் நண்பன் இப்போது அந்தக் கதையைத் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். அவன் சொல்லும் கதையில் நான் இல்லவே இல்லை. அந்த எரிச்சலில்தான் உட்கார்ந்தேன்.

கண்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையொன்றில் எங்கள் இருவருக்கும் வேலை. மொத்தம் ஆறு பேர். பௌர்ணமிப் போயா லீவு என்றாலும் ஞாயிறு என்றாலும் கடை மூடாது. நாளுக்கு ஒருவர் என்று முறை வைத்து லீவு. ஆகவே ஒருவனுக்கு லீவு வந்தால், அடுத்தது ஆறாவது நாளில்தான். முதலாளி இதற்கு 'சிஸ்டம்' என்று பெயர் வைத்திருக்கிறார். வடை சுடுகிற இடத்தில் ராக்கெட் விடுகிற நினைப்பு.

நண்பன் ஹுன்னஸ்கிரியப் பக்கத்து ஆள். ஹேவாஹெட்டயிலிருந்து வந்து, பேராதனையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை செய்யும் பெண்ணை பஸ்ஸில் கண்டான். போனில் பேசிப் பேசியே காதலாகிவிட்டது. அவளுக்கு மூன்று நாள் வேலை, நாலாவது நாள் லீவு. வேலை நாளில் இருவரும் இருட்டிய பிறகுதான் வெளியே தலை காட்டலாம். எனவே இருவருக்கும் ஒன்றாக லீவு வரும் நாளில் வாவிக் கரையில் சந்திப்பதென்று பேசிக்கொண்டார்கள். எந்த நாள் என்றுதான் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

இதைக் கேட்க அவன் போன இடம் சின்ன முதலாளி. முதலாளியின் மகன். மாலையில் காசு மேசையில் உட்காருவார், காலையில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பார். கேட்டதும் முகம் பூரித்துவிட்டது.

"ஆறு, நாலு. ரெண்டோட மடங்குகளையும் பாரு. ஆறு, பன்னெண்டு, பதினெட்டு. நாலு, எட்டு, பன்னெண்டு. பொது மடங்குகளுள் சிறியது பன்னெண்டு. பன்னெண்டு நாளைக்குள்ள ஒரு நாள் ரெண்டு பேருக்கும் லீவு வந்தே ஆகணும். கணக்கு பொய் சொல்லாது தம்பி."

இந்த மடையன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு அவளுக்குச் சத்தியமே பண்ணிவிட்டான். பன்னிரண்டு நாளைக்குள் கட்டாயம் வருகிறேன் என்று.

பன்னிரண்டு நாளும் போனது. ஒரு நாள்கூடச் சேரவில்லை. பதினாலாம் தேதி மத்தியானம் அவளிடமிருந்து கோல். போனை ஸ்பீக்கரில் போட்டு, மாவு மூட்டைக்குப் பின்னால் குந்தியிருந்து கேட்டான். நானும் கேட்டேன். கூச்சமெல்லாம் எனக்குக் கிடையாது.

"மூணு லீவு சும்மா போச்சு. இன்னைக்கும் சும்மாதான் உக்காந்திருக்கேன். உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லுங்க. பதினெட்டாம் தேதி எனக்கு லீவு. அன்னைக்கும் வரலன்னா இனி கோல் எடுக்காதீங்க."

போனை வைத்ததும் அழுதான். மூக்கு ஒழுகியது. கொத்து ரொட்டிக்கு மாவு பிசையும் கை அது, கழுவச் சொன்னேன்.

"மச்சான், பத்தொன்பதாம் தேதிதான்டா எனக்கு லீவு. ஒரே ஒரு நாள்டா!"

"ஒனக்கு எப்பவும் ஒரு நாள் பிந்தித்தானே எல்லாம் வெளங்கும்."

அவனை இன்னும் கொஞ்சம் அழ வைக்கலாம் என்றுதான் அந்த வேலையைத் தொடங்கினேன். தட்டில் முப்பது பருப்பு வடையை வரிசையாக அடுக்கினேன், நாளுக்கு ஒரு வடை. அவன் லீவு நாள்களில் செத்தல் மிளகாய்: ஒன்று, ஏழு, பதின்மூன்று, பத்தொன்பது. அவள் லீவு நாள்களில் கறிவேப்பிலை: இரண்டு, ஆறு, பத்து, பதினாலு, பதினெட்டு. கடைசி வடைவரை வைத்தும், மிளகாயும் இலையும் ஒரே வடையில் விழவில்லை. ஒருமுறை அவன் அவளுக்கு முந்தின நாள், மறுமுறை பிந்தின நாள். நடுவில் ஒருவர் வந்து இரண்டு வடை கேட்டார். மூன்றாம் தேதியையும் நாலாம் தேதியையும் சுற்றிக் கொடுத்தேன்.

"இன்னும் பத்து தட்டு அடுக்கினாலும் மோதாதுடா," என்றேன். "ஆறும் ரெண்டால பிரியும், நாலும் ரெண்டால பிரியும். நீ ஒத்தையில நிக்கிற. ஆறாறா தாவினா எப்பவும் ஒத்தையிலதான் விழுவ. அவ ரெட்டையில நிக்கிறா. நாலு நாலா தாவினா ரெட்டையிலதான் விழுவா. நீங்க ரெண்டு பேரும் கெழவன் கெழவி ஆனாலும் வாவிக் கரையில தனித்தனியாத்தான் கடலை திம்பீங்க."

பொதுக் காரணி என்று பள்ளிக்கூடத்தில் எங்களைக் கத்த வைத்தார்கள். எதற்கென்று ஒருவரும் சொன்னதில்லை. கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்டு, படிப்புக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தவன் நான். என்னைப் படிக்க வைத்தது அந்தத் தட்டு வடைதான், அதுவும் ஒருவனை நக்கலடிக்கப் போய்.

சின்ன முதலாளியிடம் தட்டைக் காட்டினேன். பன்னிரண்டு சரி, ஆனால் ஒரு தடவை சேர்ந்த பிறகுதானே பன்னிரண்டில் மறுபடி சேரும் என்றேன். மனிதர் அசரவில்லை.

"அதத்தானே நானும் சொன்னேன்," என்று பத்தாம் தேதியை எடுத்துக் கடித்தார். கறிவேப்பிலையை மட்டும் துப்பினார்.

வழி ஒன்றுதான் இருந்தது. இவன் ஒற்றையிலிருந்து இரட்டைக்கு நகர வேண்டும். எனக்கு லீவு பதினெட்டில், அவனுக்கு ஒரு நாள் முந்தி. அந்த நாளை அவனுக்குக் கொடுத்து, அவன் பத்தொன்பதை நான் எடுத்து, இனி அந்த முறையிலேயே போனால் முடிந்தது. முறையை மாற்றினால் முதலாளிக்குச் சிஸ்டம் சரிந்துவிடும். அவரிடம் நானே போய் நின்றேன்.

"ஏன்டா மாத்தணும்?"

"அவனுக்கு நெஞ்சு வலி முதலாளி. பாக்கிற ஆள் பேராதனை ஆஸ்பத்திரியில இருக்கு. ரெட்டைத் தேதியில மட்டும்தான் பாக்கலாமாம்."

இதில் எந்தச் சொல் பொய்? அவர் பயந்துபோய் உடனே தலையாட்டினார்.

பதினெட்டாம் தேதி நண்பன் என் சட்டையையும் போட்டுக்கொண்டு போனான். அவன் வேலையையும் சேர்த்து நான்தான் பார்த்தேன். பொழுது சாயத் திரும்பி வந்தான். முகத்தில் சந்தோஷமா குழப்பமா என்று தெரியவில்லை. அவள் கோபம் போய்விட்டதாம், சிரித்தாளாம், ஐஸ்கிரீம் சாப்பிட்டார்களாம். இவன் தன் அரும்பெரும் பேச்சையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டியிருக்கிறான், அது மட்டும் நிச்சயம்.

"இனி முப்பதாம் தேதிதான்டா," என்றேன். "அதுக்குள்ள அந்தப் புள்ளைக்கு ஒன் மூஞ்சி மறந்துரும். வேணும்னா இன்னொருத்தன்கிட்ட பேசி நடுவுல ஒரு லீவு மாத்தித் தரவா?"

"வேணாம்டா, பன்னெண்டு நாளைக்கு ஒருக்கா பாத்தா போதுமாம்."