மேற்படி முகவரியில் யாரும் இல்லை

வேலைக்குச் சேர்ந்த நாலாவது மாதம், அப்படி ஒருத்தியே கிடையாது என்று போலீஸிடமிருந்து என் அலுவலகத்துக்குக் கடிதம் வந்தது. ‘மேற்படி முகவரியில் மேற்படி நபரோ அவர் குடும்பத்தாரோ வசிக்கவில்லை. அப்பெயரில் எவரையும் தெரியாதென அக்கம்பக்கத்தார் ஒருமுகமாகக் கூறினர்.’ சூப்பிரண்டு அதைப் படித்துக் காட்டிவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். இருக்கிறேனா என்று சரிபார்த்தார் போலிருக்கிறது.

எங்களுடையது பாதுகாப்புத் துறை அலுவலகம். உடனே பீரங்கி, துப்பாக்கி என்று நினைக்க வேண்டாம். படைக்கு வாங்கும் கூடாரத் துணி, வாளி, பூட்ஸ் கயிறு, பித்தான் இவற்றைச் சரிபார்த்து முத்திரை வைப்பதுதான் தஞ்சாவூரில் எங்கள் பிழைப்பு. ஆனாலும் பித்தானும் ராணுவ ரகசியம்தான். அங்கே தட்டச்சு செய்ய வருகிறவள் யார், எந்த ஊர், அப்பன் யார் என்று போலீஸ் விசாரித்து எழுதிக்கொடுத்தால்தான் வேலை நிரந்தரமாகும்.

அந்த நேரம் பார்த்து டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வரப்போகிறார் என்று, துறையின் வரலாறும் அமைப்பும் பற்றிய கையேட்டை என் தலையில் கட்டியிருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்து வெடிமருந்துக் கிடங்கில் தொடங்கி, சீனாவோடு நடந்த சண்டைக்குப் பிறகு உற்பத்திக்கென்று தனித்துறை கண்டது வரை பக்கம் பக்கமாக இருந்தது. கடைசியில் ஒரு வரைபடம். உச்சியில் மந்திரி, கீழே செயலர், அதற்கும் கீழே இயக்குநர்கள், ஆலைகள், ஆய்வுப் பிரிவுகள். கட்டங்களையும் கோடுகளையும் தட்டச்சிலேயே அடிக்க வேண்டும். ஒரு கோடு கோணினால் முழுத்தாளும் வீண். எங்கள் அலுவலகம் அடிவரிசையில் கடைசிக் கட்டம். எனக்கு எங்கேயும் கட்டம் கிடையாது. அடிக்க அடிக்க எரிச்சலாக வந்தது. துறையை ஒரு சமயம் பிரித்தார்கள், ஒரு சமயம் சேர்த்தார்கள், பெயரை மாற்றினார்கள். ஒவ்வொன்றுக்கும் ‘பின்னர் திருத்தியமைக்கப்பட்டது’ என்று ஒரு வரி போதுமாக இருந்தது.

“மறுவிசாரணை கேட்டிருக்கேன்,” என்றார் சூப்பிரண்டு. “அன்னிக்கு நீயே ஊர்ல போய் நில்லும்மா. உன்னைத் தெரியும்னு நாலு பேர் சொல்லணும். இந்தத் தடவையும் இல்லைன்னு வந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

யார் இல்லையென்று சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு அப்போதே தெரியும். எங்கள் தெரு ஊருக்குத் தெற்கே, வாய்க்காலைத் தாண்டி, பண்ணை வேலைக்குப் போகிறவர்களின் தெரு. ஆட்சி மாறிவிட்டது, நியாயக் கூலிக்குச் சட்டம் வந்துவிட்டது, நிலத்துக்கு உச்சவரம்பு வந்துவிட்டது என்று மேடைக்கு மேடை பேசினார்கள். சட்டம் வரப்பு வரைக்கும் வந்தது, வயலுக்குள் இறங்கவில்லை. கூடுதலாக அரைப்படி நெல் கேட்டதற்கு, வெளியூர் ஆட்களை இறக்கி அறுக்க வைத்தார்கள். களத்தில் கைகலப்பானது. சங்கத்துக்காரர் என்று முன்னால் நின்றவர் அப்பா. வழக்கில் அவர் பெயர் ஏறியது, தெருவில் எல்லோரும் கூப்பிடுகிற பெயர். என் பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் என்று இருந்தது வாத்தியார் எழுதிவிட்ட வேறு பெயர். அன்றிலிருந்து அப்பா தலைமறைவு. தலைமறைவு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, பகலில் எங்களோடு சாப்பிடுவார், படுக்கை மட்டும் வேறு வேறு வீட்டில்.

அதனால் எங்கள் தெருவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வரப்பில் காக்கிச்சட்டை தெரிந்தால், வருகிறவன் யாரைக் கேட்டாலும், “அப்படி யாரும் இங்க இல்லைங்க.” கலந்து பேச வேண்டியதே இல்லை. பேச வந்த பிள்ளைகள் அம்மா, அப்பாவுக்கு அடுத்துக் கற்றுக்கொள்வது அதைத்தான். நானும் ஏழு வயதில், அப்பா வைக்கோல் போருக்குப் பின்னால் நிற்க, கண்ணைக்கூட இமைக்காமல் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்காலைத் தாண்டவில்லை, பக்கத்து வீட்டு அத்தை ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒன்னைத் தேடிக்கிட்டு ஒருத்தன் வந்தான்டி. பேரு, படிப்பு, அப்பன் பேரு எல்லாம் கேட்டான். ஒருத்தர் வாயத் தொறக்கணுமே! நீ என்ன பண்ணித் தொலைச்சியோன்னு பயந்து, அப்புடி ஒரு பொண்ணே இல்லைன்னு அடிச்சுச் சொல்லி அனுப்பிட்டோம்ல.”

அவள் முகத்தில் அத்தனை பெருமை. என்னைக் காப்பாற்றிவிட்டார்களாம். சிரித்தேன், சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அந்தத் தெருவில் பள்ளி இறுதி தாண்டிய முதல் பெண் நான். அந்த வேலை போனால் அடுத்த நடவுக்கு அம்மாவோடு சேற்றில் இறங்க வேண்டியதுதான். என்னைத் தெரியும் என்று இவர்கள் சொன்னால், அடுத்த கேள்வி அப்பன் எங்கே என்பதாக இருக்கும். எலிப்பொறிக்கு இரண்டு வாசல் வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

அப்பாவிடம் சொன்னேன். “நான் கூத்தாநல்லூர் போயிடறேன். கடைக்கார பாய் வீட்டுல ரெண்டு நாள் இருந்துக்கறேன். நீ தைரியமா நில்லு,” என்றார். தெரு முழுக்கப் போய், இந்த ஒரு தடவை மட்டும் உண்மையைச் சொல்லுங்கள் என்று அவரே கெஞ்சிவிட்டும் வந்தார்.

விசாரணைக்காரர் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். தஞ்சாவூரிலிருந்து வந்தவர், உள்ளூர் முகம் எதுவும் தெரியாது. வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டோம், மோர் கொடுத்தோம். தெருவே கூடி நின்றது. ஒவ்வொருவரும் என்னைத் தெரியும் என்று சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். பொய்யை அவ்வளவு சரளமாகச் சொல்கிறவர்களுக்கு உண்மை சொல்லும்போது நாக்குக் குழறியது. அப்போதுதான் கூட்டத்தின் ஓரத்தில், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அப்பா நிற்பதைப் பார்த்தேன். போகவில்லை. மகள் இருக்கிறாள் என்று அரசாங்கம் எழுதுவதைப் பார்க்காமல் போக மனசு வரவில்லை என்று பிறகு சொன்னார்.

“சரி, அப்பா எங்கம்மா?” என்றார் விசாரணைக்காரர்.

நாங்கள் பேசி வைத்திருந்தது, வெளியூருக்குக் கூலி வேலைக்குப் போயிருக்கிறார் என்று. நான் வாயைத் திறப்பதற்குள், “எந்த ஊர்ல இருந்தாலும் சொல்லுங்க, நேர்ல பார்த்து எழுதணும். முடியலைன்னா ஸ்டேஷன்ல விசாரிச்சுக்கறேன்,” என்றும் சேர்த்துக்கொண்டார். ஸ்டேஷனில் கேட்டால் வழக்கு வெளியே வந்துவிடும்.

“அவன் செத்துப்போயி ஆறேழு வருசம் ஆச்சுங்க,” என்று ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அப்பாவின் குரல்.

“நீங்க யாரு?”

“இதே தெருதாங்க. நானும் சேந்துதான் தூக்கிட்டுப் போனேன்.”

“அப்படியாம்மா?” என்று என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அப்பாவைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தேன். கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த அம்மா, நெற்றியை முழங்கையால் துடைத்துவிட்டு, முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள். விசாரணைக்காரர் ‘தந்தை காலமானார்’ என்று எழுதி, சாட்சிக்கு அப்பாவையே கூப்பிட்டார். அப்பா வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லிக் கட்டைவிரலை வைத்தார்.

அந்த ஆள் வாய்க்காலைத் தாண்டிய பிறகு அம்மா பேசினாள். “நீ பொழைக்கணும்னு என் தாலிய மறைக்க வச்சுட்டீங்களேடி, அப்பனும் மகளும்.” ஒரு மாதம் எங்கள் இருவரோடும் பேச்சு வார்த்தை இல்லை.

வேலை நிரந்தரமானது. சில வருஷங்கள் கழித்து வழக்கையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே டீ குடித்தார். அரசாங்கத்துக்கு அவர்மேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டது, ஆனால் எங்கள் அலுவலக இரும்பு அலமாரியில் அவர் செத்தவர்தான். உண்மையை எழுதிக்கொடுத்தால், பொய்த்தகவல் தந்து வேலையில் சேர்ந்தவள் என்று சீட்டைக் கிழித்துவிடுவார்கள். துறையைப் பற்றிய கையேட்டை அதற்குள் இரண்டு முறை திருத்தி அடித்துவிட்டேன். என் கோப்பில் அந்த ஒரு வரியைத் திருத்தச் சொல்லிக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. கோழை என்றே என்னைச் சொல்வேன். சார்ந்திருப்போர் பட்டியலில் ஆண்டுக்கு ஒரு முறை அம்மாவின் பெயரை மட்டும் எழுதினேன். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது அலுவலகச் சலுகை இல்லாமல், பொது ஆஸ்பத்திரி வரிசையில் நானும் அவரும் நின்றோம். ஒரு நாளும் அவர் அதைக் குத்திப் பேசியதில்லை. குத்திப் பேசியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஒரு தை மாதத்தில், ஊரெல்லாம் அறுப்பு நடக்கும்போது, காலை பதினொரு மணிக்கு அலுவலகத்துக்குத் தந்தி வந்தது. சூப்பிரண்டு இடத்தில் அப்போது புதியவர் இருந்தார், நல்ல மனிதர். தந்தியைப் பிரிக்காமலே கொடுத்தார். படித்துவிட்டு மடித்துக்கொண்டேன்.

“ஊர்ல ஒரு சாவு சார். லீவு வேணும்.”

“அடடா. யாரும்மா, நெருங்கின சொந்தமா?”

“இல்லைங்க சார். எங்க தெருக்காரர்.”

தெருக்காரருக்கு ஒரு நாள் போதுமே என்று கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை பத்து மணிக்குப் போய் வேலையில் உட்கார்ந்தேன்.