சவுக்குத் தோப்பும் இரண்டு சத்தியமும்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்குத் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் இறங்கினேன். எழும்பூரிலிருந்து கூடவே வந்த கரித்தூளில் பாதி என் கண்ணிலும் மீதி என் வெள்ளைச் சட்டையிலும் இருந்தது. மாசி மாதம். வெயில் இன்னும் முறைக்க ஆரம்பிக்கவில்லை.

கோயில் பார்க்கவும் கடல் பார்க்கவும் பலர் இந்தப் பக்கம் வருவார்கள். நான் விறகு பார்க்க வந்தவன். பெரம்பூரில் விறகுத் தொட்டி, அதாவது விறகுக் கடை, வைத்திருக்கிறேன். பல வருஷமாக எனக்குச் சவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர் தோப்பை வேரோடு அழித்து மனை போட்டு விற்றுவிட்டார். தொட்டியில் எட்டு நாளைக்குத்தான் சரக்கு. புதுத் தோப்பு ஒன்று அமையாவிட்டால் கதவைச் சாத்திவிட்டு நானும் மண்ணெண்ணெய் அடுப்பு விற்கப் போகவேண்டியதுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. எங்கள் தொழிலில் சிலரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. காலையில் கடை திறக்குமுன் விறகின்மேல் நாலு வாளி தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். எடை கூடும். அந்தச் சிலரில் நானும் ஒருவன். என் தராசுக்குப் பின்னால் அதற்கென்றே ஒரு தகர வாளி இருந்தது. "உங்க விறகு எரியறதுக்கு முன்னாடி அழுவுதே, ஏன்?" என்று எதிர்வீட்டு மரகதம்மாள் கேட்டபோது, பனி என்று சொன்னேன். அது வைகாசி மாதம்.

பன்னிரண்டரை மணிக்குச் சிதம்பரம் பஸ். புதுச்சத்திரத்துக்கு டிக்கெட் அறுபது பைசா, பதினைந்து மைல் இருக்கும். பக்கத்து சீட்டில் பண்ருட்டி வியாபாரி ஒருவர் முந்திரிப்பருப்பு மூட்டையைக் குழந்தையைப்போல மடியில் வைத்திருந்தார். ஆலப்பாக்கம் தாண்டியதும் இடதுபக்கம் முழுக்கச் சவுக்கு. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிறர் பசுமையைப் பார்த்துப் பூரிப்பார்கள். நான் டன் கணக்குப் போட்டுப் பூரித்தேன். "மெட்ராஸ் அடுப்பெல்லாம் இங்கதாங்க மொளைக்குது" என்றார் முந்திரிக்காரர்.

புதுச்சத்திரத்தில் எனக்காக மாட்டுவண்டி காத்திருந்தது. சிதம்பரத்தில் பந்தல் சாமான் கடை வைத்திருக்கும் என் மச்சான் சிங்காரம் கடிதம் போட்டு ஏற்பாடு செய்திருந்தான். வண்டி ஓட்டியவர் கலியபெருமாள். தோப்புக்குச் சொந்தக்காரி தனபாக்கியத்தின் கணவர். ஆனால் தோப்பு விவகாரத்தில் தனக்கு ஓட்டு கிடையாது என்பதை முதல் பர்லாங்கிலேயே சந்தோஷமாகச் சொல்லிவிட்டார்.

"வெலையெல்லாம் அப்பறந்தாங்க. மொதல்ல ஒரு கேள்வி கேப்பாங்க. அதுக்கு பதில் சரியா இருந்தாத்தான் மரம்."

"என்ன கேள்வி?"

"அத நான் சொல்லிட்டா எனக்கு ராத்திரி சோறு கெடையாது."

இரண்டு மைல் மணல் பாதை. இரண்டு மணிக்குத் தோப்பு வந்தது. தனபாக்கியம் அம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு சவுக்குக் குச்சி, அதை நீட்டி நீட்டித்தான் பேசுவார். நிலத்தை ஐந்து துண்டாகப் பிரித்து வைத்திருந்தார். வருஷத்துக்கு ஒரு துண்டு வெட்டு, ஒரு துண்டு நடவு. ஐந்தாம் துண்டை வெட்டும்போது முதல் துண்டு பனை உயரத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். கடலோரம் மூன்று வரிசை மட்டும் பருத்துக் கிழடாகி நின்றன.

"அத மட்டும் கேக்காதீங்க. அத வெட்டுனா மணலு பறந்து வந்து ஊரு கொல்லையெல்லாம் மூடிடும்" என்றார். பிறகு தாமாகவே ஒரு மூலைக்கு அழைத்துப்போய்ப் பட்டையை உரித்துக் காட்டினார். "இந்த நுப்பது மரத்துல பூச்சி. வெளிய தெரியாது. பின்னால ஏமாத்திட்டான்னு சொல்லப்படாது பாருங்க."

சரக்கின் குறையைத் தானே சொல்லும் ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. இவரிடம் எப்படிப் பேரம் பேசுவது என்று திகைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் குச்சி என் பக்கம் திரும்பியது.

"எல்லாம் சரிங்க ஐயா. தண்ணி ஊத்துவீங்களா?"

நூற்றுச் சொச்சம் மைல் தள்ளி இருக்கும் என் வாளி இந்த அம்மாளுக்கு எப்படித் தெரிந்தது? சிங்காரம் எழுதிவிட்டானா? குற்றம் உள்ள மனசு அல்லவா, குரல் தானாக உயர்ந்தது.

"என்னைப் பார்த்தா கேக்கறீங்க? ஒரு சொட்டு ஊத்த மாட்டேன்! இந்தக் கடல் மேல சத்தியம்!"

அவர் முகம் வாடிவிட்டது. "ஒரு சொட்டு கூடவா?"

"ஒரு சொட்டு கூட!"

"அப்பன்னா நமக்கு ஒத்து வராதுங்க. தர்பூசணி தின்னுட்டுக் கெளம்புங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். கலியபெருமாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். யோக்கியனாக நடித்ததற்கு எனக்கு இந்தக் கதியா? தர்பூசணி சர்க்கரையாக இனித்தது. அதைக்கூட என்னால் ரசிக்க முடியவில்லை.

மாலை ஆறு மணிக்குச் சிதம்பரம். சிங்காரம் என்னைக் கீழவீதிப் பக்கம் ஒரு ஓட்டலுக்கு அழைத்துப்போய் இட்லியும் கொத்சும் வாங்கிக் கொடுத்தான். கத்தரிக்காயைச் சுட்டு மசித்துச் செய்யும் இந்தக் கொத்சுக்காகவே ஒருவர் ரயில் ஏறலாம். இரண்டாவது தட்டில் நடந்ததைச் சொன்னேன். அவனுக்குப் புரை ஏறியது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"ஐயோ மாமா! அது கன்னுக்குத் தண்ணி ஊத்தறது! அந்தம்மா தோப்புல மரம் வாங்கறவுங்க, புதுசா நட்ட கன்னுக்குத் தண்ணி ஊத்திட்டுத்தான் வெட்டணும். மொத குடம் வாங்கறவரு கையால. ஊருக்கே தெரியும், உங்களுக்கும் தெரியும்னுல்ல நெனச்சேன்!" சிரிப்பு அடங்கியதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "ஆமா, நீங்க என்னன்னு நெனச்சீங்க?"

நான் மூன்றாவது தட்டு கேட்டேன்.

புதன்கிழமை ஆறரை மணிக்கு முதல் பஸ். வந்த வழியே திரும்பிப் பன்னிரண்டு மைல். வழி நெடுகப் பொய் தயார் செய்துகொண்டே போனேன். காது சரியாகக் கேட்கவில்லை, காற்று ஜாஸ்தி, கடல் இரைச்சல். எல்லாம் நல்ல பொய்கள்தான். ஆனால் பூச்சி அரித்த மரத்தின் பட்டையை உரித்துக் காட்டிய கை என் கண்முன் வந்துகொண்டே இருந்தது.

தனபாக்கியம் அம்மாள் கன்றுகள் நடுவே நின்றிருந்தார். "தண்ணி ஊத்தறேம்மா" என்றேன்.

"நேத்து கடல் மேல சத்தியம் பண்ணீங்களே?"

சொல்லிவிட்டேன். தகர வாளி, நாலு முறை ஊற்றுவது, அழும் விறகு, வைகாசிப் பனி எல்லாவற்றையும். சொல்லி முடித்ததும் இனி மரமும் இல்லை, மானமும் இல்லை என்று தோன்றியது. கலியபெருமாள் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. குச்சியால் மணலில் ஒரு கோடு போட்டார், பக்கத்தில் இன்னொன்று போட்டார்.

"அஞ்சு வருசம் வளத்த ஒசத்தி மரம் குடுக்கறேன். அத நீங்க நனைச்சு வித்தா கெட்ட பேரு மரத்துக்குத்தான். அதனால ரெண்டு சத்தியம் பண்ணுங்க. இங்க ஊத்தறேன்னு ஒண்ணு. அங்க ஊத்த மாட்டேன்னு ஒண்ணு."

இரண்டையும் பண்ணினேன். வெட்கத்திலா சந்தோஷத்திலா என்று இன்னும் தெரியவில்லை.

அந்த மணலில் ஆளுயரம் தோண்டினாலே தண்ணீர் ஊறுகிறது. சரிவில் இறங்கி, கைக்கு ஒன்றாக இரண்டு குடம் மொண்டு, மேலேறி, ஒரே நடையில் இரண்டு வரிசைக் கன்றுக்கும் ஊற்றிக்கொண்டே போகவேண்டும். அங்கே பெண்கள் பேசிக்கொண்டே செய்கிறார்கள். நான் முதல் நடையிலேயே மல்லாந்து விழுந்தேன். ஒரு குடம் உடைந்தது. நான் மட்டும் தொப்பலாக நனைந்தேன்.

"எடை கூடிடுச்சு, இப்ப வித்துடலாம்!" என்று கத்தினார் கலியபெருமாள். இப்போது அந்த அம்மாளும் சிரித்துவிட்டார். வெயில் ஏறுவதற்குள் இருபது குடம் ஊற்றினேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் தண்ணீர் சுமந்ததில்லை.

கிளம்பும்போது ஈரச் சாக்கில் சுற்றி ஒரு சவுக்குக் கன்றைக் கொடுத்தார். "ஞாபகத்துக்கு" என்றார். எதன் ஞாபகத்துக்கு என்று விளக்கவில்லை.

இங்கே பெரம்பூரில் எங்கு பார்த்தாலும் வெட்டிய மரம்தான். நட்ட மரம் என்று தெருவில் ஒன்றுகூட இல்லை. என் தொட்டி வாசலில் அந்தக் கன்றை வைத்தேன். மறுவாரம் புதுச்சத்திரத்திலிருந்து முதல் லாரி வந்து நின்றது. மறுநாள் காலை நான் தகர வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது, எதிர்வீட்டிலிருந்து மரகதம்மாள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

"என்னங்க, இப்பவும் தண்ணி ஊத்தறீங்களா?"

"ஊத்தறேனே அம்மா!" என்றேன் தெருவுக்கே கேட்கும்படி. "வந்து பாருங்க."