சந்தனம் வீட்டு ஹீட்டர்

சந்தனத்துக்குக் கை மரத்துப்போய் நாலைந்து வருஷம் இருக்கும். சர்க்கரை வியாதி முதலில் பாதத்தைப் பிடித்தது, பிறகு விரலுக்கு வந்தது. சட்டைப் பொத்தானைக் கண்ணால் பார்த்துத்தான் போடுவார். கொதிக்கக் கொதிக்க டீ ஊற்றிய கண்ணாடி டம்ளரை அவர் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்க, டீக்கடைக்காரர்தான் பதறுவார். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஆயுசில் பாதியைக் கழித்த மனுஷர். ஓடுகிற மெசினிலேயே அறுந்த இழையை ஒட்டவைத்த விரல்கள் அவை. இப்போது அவற்றுக்குச் சுடுதண்ணியும் ஒன்றுதான், பச்சைத் தண்ணியும் ஒன்றுதான்.

இதில் அவருக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகச் சொல்ல முடியாது. ரிட்டயர் ஆன பிறகு எதிலுமே அவருக்குப் பெரிய வருத்தமோ சந்தோஷமோ கிடையாது. மனைவி வேலுத்தாய் இருந்தாள், வேளைக்குச் சோறு வந்தது, அவ்வளவுதான்.

போன ஆடியில் வேலுத்தாய் அடுக்களையில் சரிந்து விழுந்தாள். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நாளில் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே மகள் அனுசியா, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலுள்ள தன் வீட்டுக்கு அம்மாவைக் கூட்டிப் போகிறேன் என்று நின்றாள்.

"உங்களைப் பாக்கவே ஒரு ஆளு வேணும். நீங்க எப்படிப்பா அம்மாவைப் பாப்பீங்க?"

"நான் பாத்துக்கிடுதேன். அவ இங்கதான் இருப்பா."

பிடிவாதம் என்றார்கள் சொந்தக்காரர்கள். அது பிடிவாதம் இல்லை, பயம். வேலுத்தாயும் போய்விட்டால் அந்த வீட்டில் தான் எதற்கு என்ற பயம். அதை வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் அவருக்கு எந்தக் காலத்தில் இருந்தது?

"சரி. ஆனா உங்களால ஏலலைன்னு தெரிஞ்சா, மறு பேச்சுக் கிடையாது, கூட்டிட்டுப் போயிருவேன்" என்றாள் அனுசியா. அடுப்பில் தண்ணீர் காய்ச்சித் தூக்க வேண்டாமென்று குளியலறையில் ஒரு ஹீட்டரையும் மாட்டிக் கொடுத்தாள். அரை வாளி சூடு, அரை வாளி பச்சை என்று வாளியில் கோடு போட்டும் காட்டினாள். சிவப்பு லைட் எரிந்தால் சூடாகிறது, அணைந்தால் சூடாகிவிட்டது. மாட்ட வந்த ஆள் சொன்னது அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த குட்டி மஞ்சள் லைட்டைப் பற்றி அவனும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

விடியுமுன்னே குளிப்பது வேலுத்தாயின் வழக்கம். அதை மாற்றக் கூடாது என்பதில் சந்தனம் குறியாக இருந்தார். இருட்டோடு எழுந்து சுவிட்சைப் போடுவார், லைட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார், அணைந்ததும் வாளியை நிரப்புவார், அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து ஊற்றுவார். தன் குளியலை உச்சிவெயிலில் வைத்துக்கொள்வார். அப்போது மாடித் தொட்டித் தண்ணீரே வெதுவெதுப்பாக இருக்கும், ஹீட்டர் எதற்கு?

கார்த்திகை முடிகிற சமயம், ஒருநாள் சிவப்பு லைட் சீக்கிரமே அணைந்து மஞ்சள் லைட் சிமிட்டத் தொடங்கியது. சந்தனத்துக்கு அது புதிதாகத் தெரியவில்லை. மில்லில் அவர் நின்ற மெசினில் மஞ்சள் லைட் சிமிட்டினால் நூல் சுற்றும் பாபின் நிறைந்துவிட்டது, ஆள் வந்து கழற்றலாம் என்று அர்த்தம். அந்த லைட்டைப் பார்த்துப் பார்த்தே அவர் காலம் ஓடியிருக்கிறது. இதுவும் அப்படித்தான், தண்ணீர் தயார் என்று ஆளைக் கூப்பிடுகிறது என்று எடுத்துக்கொண்டார். முன்னைவிட இப்போது வேலை வெரசாக முடிகிறதே என்று ஹீட்டரை மெச்சியும் கொண்டார்.

முதல் நாள் வேலுத்தாய் இடது கையால் செம்பைத் தள்ளிவிட்டாள். மறுநாளும் தள்ளினாள்.

"ஏட்டி, குளிக்காம எப்படி இருக்கது? செத்த நேரம் சும்மா இரு" என்று அதட்டினார்.

அவள் தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. அது எப்போதும் வருகிற சத்தம்தான் என்று விட்டுவிட்டார். நாலு நாள் கழித்து அவள் தள்ளுவதை நிறுத்திக்கொண்டாள். கண்ணை மூடி, நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் தீரும்வரை அசையாமல் இருப்பாள். ஒருவழியாகப் பழகிவிட்டாள் என்று சந்தனத்துக்கு நிம்மதியாக இருந்தது. மலைக்காற்று இறங்குகிற மார்கழி வந்தது. அரையாண்டு லீவு விட்டதும் அனுசியா பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு இரண்டு நாள் தங்க வந்தாள்.

காலையில் அப்பா அம்மாவைக் குளிப்பாட்டுவதைக் கதவோரம் நின்று பார்த்தாள். அவளுக்கு மனசு இளகித்தான் இருந்தது. சோப்பை எடுத்துக் கொடுக்க உள்ளே வந்தவள், நனைக்க வாளிக்குள் கையை விட்டாள். விட்ட கையை எடுக்கவில்லை.

"அப்பா, இது பச்சத் தண்ணி."

"லைட்டு மின்னுச்சே. ரெடியாயிட்டுன்னுதான அர்த்தம்?"

"எம்புட்டு நாளா இப்படி மின்னுது?"

சந்தனம் யோசித்துச் சொன்னார். அனுசியா துண்டை எடுத்து அம்மாவைச் சுற்றினாள். கடை திறக்கிற நேரம் ஆனதும் ஹீட்டர் வாங்கிய இடத்துக்குப் போன் போட்டாள். போர்த் தண்ணி உப்பு உள்ளே கட்டிவிட்டது, மஞ்சள் லைட் சிமிட்டினால் சூடு ஏறவில்லை என்று அர்த்தம், ஆள் அனுப்புகிறோம் என்றார்கள்.

"வந்து சரி பண்ணிட்டா ஆச்சு" என்றார் சந்தனம்.

"லைட்டு கெடக்கட்டும். அம்மா மூஞ்சிய ஒரு நாளாவது பாத்தீங்களாப்பா?"

பார்த்தது இல்லை என்பதுதான் பதில். அவர் பார்த்ததெல்லாம் லைட்டை, வாளியை, வாளியில் போட்ட கோட்டை.

அனுசியா கட்டிலில் உட்கார்ந்து அம்மாவின் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள். "அம்மா, எங்கூட வாரியா?"

சந்தனம் அந்தக் கேள்விக்குப் பயப்படவில்லை. இத்தனை வருஷம் கூட இருந்தவள், போகமாட்டாள் என்று அவருக்கு உறுதியாகத் தெரியும். வேலுத்தாய் யோசிக்கவே இல்லை. வருகிறேன் என்று தலையை ஆட்டினாள். மகள் சரியாகப் பார்க்கவில்லையோ என்று இன்னொரு தடவையும் ஆட்டினாள்.

மத்தியானம் கார் வந்தது. சேலைகளையும் மருந்துகளையும் அவரே மடித்துப் பைகளில் வைத்தார். அழுகை வரும் என்று நினைத்தார், வரவில்லை. கார் தெருமுனை திரும்பிய பிறகு உள்ளே போய் மிச்சமிருந்த சோற்றைத் தின்றார். உப்பு இருந்ததா இல்லையா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மடவார் வளாகம் போனார். நல்ல உச்சிவெயில். வேலுத்தாய் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தாள், முகம் தெளிந்திருந்தது. அனுசியா ஒரு நாற்காலியைக் கட்டிலை ஒட்டிப் போட்டு, "உக்காருங்கப்பா, காபி கொண்டாரேன்" என்று உள்ளே போனாள்.

வேலுத்தாய் திரும்பி அவரைப் பார்த்தாள். குளிப்பாட்டும்போது நாற்காலியை இறுகப் பிடிக்கிற அந்த இடது கை, இடுப்பில் கிடந்த போர்வையைத் தேடிப் பிடித்துக் கழுத்துவரை இழுத்துக்கொண்டது.

சந்தனம் நாற்காலியைத் தூக்கி வாசல் பக்கம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.