ரோஜாவுக்கு நடுவே நீலம்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நாங்கள் வேலை பார்க்கும் ஃப்ளெக்ஸ் கடையில் சிவக்குமார்தான் டிசைனர். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் அவன் கைபட்டுத்தான் தெருவுக்கு வரும். ஒரே பேனரில் ஊர்ப்பட்ட மாமன் மச்சான்களை அடக்கி, எவரும் கோபித்துக்கொள்ளாதபடி எல்லாத் தலைகளையும் ஒரே அளவில் வைப்பான். மதுரையில் அது லேசுப்பட்ட காரியம் இல்லை. எதிரே பிரிண்டிங் மெஷினோடு மல்லுக்கட்டும் எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அவனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. பைக் வாங்கப் போகிறான் என்று நாங்கள் பார்ட்டிக்குக் காத்திருந்தபோது, ஒரு டெலஸ்கோப்பும் அதன் பின்னால் மாட்டும் கறுப்பு வெள்ளைக் கேமராவும் வாங்கி வந்தான். நட்சத்திரம் பார்க்கவா என்று கேட்டால், இல்லையாம். நட்சத்திரங்களுக்கு நடுவே கிடக்கும் வாயு மேகங்களை, அதாவது நெபுலாக்களைப் படம் பிடிக்கவாம். விளாங்குடியில் அவன் வீட்டுத் தோட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் சாயம்போன வேட்டி மாதிரி வெளுத்துக் கிடக்கும். ஒரு பக்கம் ரோட்டு விளக்கு, மறுபக்கம் கல்யாண மண்டபத்து ஃபோகஸ் லைட்.

"இங்கருந்தா? அழகர்கோவில் பக்கம் போய் இருட்டுல எடு மாப்ள" என்றேன்.

"தெனமும் அங்க போனா காலையில கடைக்கு யாரு வாரது? அதுக்குத்தான ஃபில்டர் இருக்கு" என்றான்.

காசைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடி வில்லைகள், மொத்தம் மூன்று. ஒன்று ஹைட்ரஜனின் சிவப்பை மட்டும் உள்ளே விடும். இன்னொன்று கந்தகத்தின் கருஞ்சிவப்பை. மூன்றாவது ஆக்ஸிஜனின் நீலப்பச்சையை. ஊர் வெளிச்சத்தில் முக்கால்வாசி வெளியே நின்றுவிடும். ஒவ்வொரு வில்லையிலும் தனித்தனியாக ராத்திரி ராத்திரியாகப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிறம் ஏற்ற வேண்டும். மாமன் மச்சான்களை அடுக்கிப் பழகிய கைக்கு அது வசப்பட்டுவிட்டது.

இரண்டு வருஷமாக அவன் துரத்திக்கொண்டிருந்தது ரோஜாப்பூ வடிவத்தில் இருக்கும் ஒரு நெபுலாவை. முதல் வருஷம் பனிமூட்டம் கெடுத்தது. இந்த வருஷம் ஹைட்ரஜனும் கந்தகமும் சேர்ந்து இதழ்கள் அழகாக வந்துவிட்டன. பூவின் நடுவே நீலமாக வரவேண்டிய ஆக்ஸிஜன்தான் பாக்கி. அது ரொம்ப மெல்லிய வெளிச்சம். நிலா இருந்தால்கூட அடிபட்டுப் போகும். மார்ச் மாத அமாவாசையை விட்டால் ரோஜா மேற்கே இறங்கிவிடும், பிறகு மார்கழிவரை காத்திருக்க வேண்டும் என்று புலம்பிக்கொண்டே இருந்தான்.

அவன் வீட்டுக்கு மேற்கே இருப்பது ரெங்கம்மாள் வீடு. வீட்டுக்காரர் இறந்து நாலு வருஷமாகத் தனியாக இருப்பவர். மகள் கோயம்புத்தூரில். அமாவாசைக்கு நாலு நாள் முன்னால் அவர் தன் மொட்டைமாடிச் சுவரில் ஒரு திருஷ்டி முகத்தை மாட்டினார். பிதுங்கிய கண், தொங்கும் நாக்கு, சுற்றிலும் பச்சையும் நீலமுமாக சீரியல் பல்பு. அது சிவக்குமாரின் டெலஸ்கோப்பை நேருக்கு நேர் முறைத்துக்கொண்டு எரிந்தது. பல்பின் நீலப்பச்சை அப்படியே ஆக்ஸிஜன் வில்லைக்குள் புகுந்து படத்தைப் பாழாக்கியது. இதில் வேடிக்கை, அந்த முகம் எங்கள் கடைச் சரக்கு. கண்ணை இன்னும் பெரிதாக்கு என்று நான் சொல்ல, பெரிதாக்கியவனே அவன்தான்.

"ஒம் புருசன் டிசைனு ஒம் புருசனையே மொறைக்குது" என்று அவன் மனைவி சுபலட்சுமியிடம் சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. எனக்கே பாவமாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னையும் இழுத்துக்கொண்டு ரெங்கம்மாள் வீட்டுக்குப் போனான். பல்பை நாலு ராத்திரி மட்டும் அணைக்கச் சொல்லிக் கேட்பதுதான் திட்டம். வாயைத் திறப்பதற்குள் அவர் பிடித்துக்கொண்டார்.

"பொழுது சாஞ்சா பீரங்கியாட்டம் எங்க வீட்டப் பாத்து ஒண்ணு நிக்குது. கேட்டா வானத்தப் பாக்குறேங்குற. பின்தெருவுல கதவ ஒடச்சு களவாண்டு போயிருக்காங்க. ஒத்தப் பொம்பள நான் எப்படிய்யா கண்ணசருறது? லைட்டு எரிஞ்சாத்தான் எனக்குத் தெம்பு."

எனக்குக் கோபம் வந்தது. வானத்தைப் பார்ப்பவனைக் களவாணியோடு சேர்த்துப் பேசுகிறாரே என்று பல்லைக் கடித்தேன். சிவக்குமார் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான் அத்தை. இம்புட்டு நாளா ஒங்ககிட்ட வெவரமா ஒரு வார்த்த சொல்லல. லைட்டு எரியட்டும்" என்று எழுந்துவிட்டான்.

வாசலில் செருப்பை மாட்டும்போது அவர் கூப்பிட்டார். "அப்படி என்னத்தத்தான் எடுக்குற? காட்டு பாப்போம்."

லேப்டாப்பைக் கொண்டு வந்தான். முதலில் வெறும் கறுப்புதான் தெரிந்தது. ரெங்கம்மாள் என்னைப் பார்த்தார், நான் சீலிங்கைப் பார்த்தேன். அவன் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினான். இருட்டுக்குள்ளிருந்து இதழ் இதழாக அந்தப் பூ எழுந்து வந்தது. பலமுறை பார்த்த நானே இன்னும் கிட்டப் போய்க் குனிந்தேன்.

"எங்க வீட்டுக்கு மேலயா இது நிக்குது?"

"ஆமா அத்தை. நடுவுல நீலம் மட்டும் இன்னும் வரல. பக்கத்துல வெளிச்சம் இருந்தா அது விழாது."

"எம் பல்புனாலயா?"

அவன் லேப்டாப்பை மூடப் போனான். ரெங்கம்மாள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இத எடுக்க ராத்திரி பூரா முழிச்சா இருப்ப?"

"ஆமா அத்தை. தோட்டத்துலயேதான் சேர் போட்டு ஒக்காந்திருப்பேன். நாய் வந்தாக்கூட எந்திரிச்சு வெரட்டுவேன்."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா? பக்கத்துல ஒரு ஆம்பள விடிய விடிய முழிச்சிருந்தா எனக்கு எதுக்குய்யா லைட்டு?" என்றபடி எழுந்து போய் சுவிட்சை அணைத்தார்.

நாலு ராத்திரியில் நீலம் வந்துவிட்டது. அதைக் காட்ட சிவக்குமார் காலையிலேயே ஓடினான். கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்தபிறகுதான் ரெங்கம்மாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து திறந்தார். "படத்த அப்பறம் பாக்குறேன். நாலு வருசங்கழிச்சு இப்பத்தான் நல்லாத் தூங்குறேன், போய்யா" என்று சொல்லிவிட்டு மறுபடி படுக்கப் போய்விட்டார்.